அந்த லொறியை வாங்குவதா, விடுவதா?

எங்கள் தோட்டத்தில் ஒரு மாதமாக கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோயிலடியிலும் ஒரே பேச்சுத்தான். மலையோரத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று மரக்கறி செய்யும் 14 குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய டீசல் லொறி வாங்கப் பார்க்கின்றன. வண்டி 1996 ஆம் ஆண்டு இசுசு எல்ஃப். மீட்டரில் 3 இலட்சத்து 80 ஆயிரம் கிலோமீற்றர். விலை 28 இலட்சம் ரூபா. சீட்டுப் பணமும் நகை அடகும் சேர்த்து கையில் இருப்பது 10 இலட்சம். மிச்சம் 18 இலட்சத்துக்கு லீசிங் பிடித்துத் தருகிறேன் என்று புரோக்கர் நிற்கிறார். பக்கத்துப் பிரிவிலும் இதே யோசனை ஓடுகிறது என்று கேள்விப்பட்டோம். அதனால்தான் எங்கள் கருத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. இந்த ஆசையைப் பேராசை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது, 2024 இல் 1,350 ஆனது. ஒவ்வொரு தடவையும் எத்தனை வருடம் கத்தினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதற்கிடையில் பிள்ளைகளின் டியூஷன் காசும் கடைக் கடனும் கரட்டிலும் லீக்ஸிலும்தான் ஓடியது. ஆனால் அந்தக் கரட்டுக்கு விலை சொல்வது நாங்கள் அல்ல. காலையில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் என்ன விலை என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். பின்னேரம் கேற்றடிக்கு வரும் முதலாளி அதில் பாதியைச் சொல்கிறார். சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு என்று வேறு வெட்டுகிறார். பிடுங்கிய கரட்டைத் திரும்ப மண்ணில் நடமுடியாது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். சொந்த லொறி இருந்தால் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

மீட்டரைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். நாங்கள் அவ்வளவு பயப்படவில்லை. இதே புரோக்கர் காட்டிய இன்னொரு வண்டியும் 1996 தான், மீட்டரில் 1 இலட்சத்து 10 ஆயிரம்தான். விலை 4 இலட்சம் அதிகம். நாங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வகுத்தல் கணக்கு இது. 29 வருடத்தில் 1 இலட்சத்து 10 ஆயிரம் என்றால் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். ஜப்பானில் ஓடிவிட்டு வந்து இங்கேயும் சுமை இழுத்த லொறி நாளைக்குப் பத்துக் கிலோமீற்றரா ஓடியிருக்கும்? மீட்டரைத் திருப்பி வைப்பது இந்த நாட்டில் புதிய வித்தை அல்ல. 3 இலட்சத்து 80 ஆயிரம் காட்டும் வண்டி ஒருவேளை உண்மை பேசுகிறது.

டீசல் எஞ்சின் ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் அந்தத் தூரத்தையும் தாங்கும். ஆனால் எங்கே ஓடிய தூரம் என்று கேட்க வேண்டும். அநுராதபுரப் பக்கம் சமதரையில் ஓடிய 3 இலட்சம் வேறு, ரம்பொடை ஏற்றத்திலும் வளைவிலும் ஓடிய 3 இலட்சம் வேறு. மலையில் ஓடிய வண்டியில் எஞ்சினுக்கு முன்னால் கிளச்சும் பிரேக்கும் கியர்பெட்டியும் தேய்ந்திருக்கும்.

பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலை 6 மணிக்கு, சொல்லாமல் போங்கள். முதலில் எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நுவரெலியாக் குளிரில் ஆறிக் கிடந்த டீசல் எஞ்சின் ஒன்றிரண்டு தடவையில் பிடித்தால் நல்லது. ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது குளிருக்குச் சகஜம், சில நிமிடத்தில் நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. ஏற்றத்தில் கறுப்பாகக் கக்கினால் பம்பிலோ இன்ஜெக்டரிலோ ஏயார் பில்டரிலோ வேலை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இரண்டு தொன் ஏற்றி மலையில் ஏற்றி, இரண்டாம் கியரில் இறக்கிப் பாருங்கள். இறக்கத்தில் கியர் தானாக நழுவினால், அந்த வண்டியில் உங்கள் வீட்டுப் பையனை ஏற்றாதீர்கள். சேசியில் ஒட்டு வைத்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும், பெயின்ற் புதிதாக இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாஸ் ஒருவரைக் கூட்டிப் போவது அவசியம். அவர் புரோக்கர் கூட்டி வரும் பாஸாக இருக்கக் கூடாது.

இந்தப் பழைய எல்ஃப், கென்டர் வகைகளில் ஒரு வசதி உண்டு. பம்ப் எல்லாம் பழைய முறை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கராஜ்களில் திருத்தலாம், பழைய சாமானும் கிடைக்கும். கம்ப்யூட்டர் வைத்த பிந்திய எஞ்சின்களில் ஒரு இன்ஜெக்டர் போனாலே பலரின் மாதச் சம்பளம் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 இல் மீண்டும் திறந்தும் வரி அதிகம் என்பதால் இந்தப் பழசுகளுக்கு இன்னும் கிராக்கிதான். ஆகவே மீட்டருக்காக இந்த வண்டியை நாங்கள் கழிக்கவில்லை.

எங்களை உறுத்துவது வேறு கணக்கு. எங்கள் பக்கத்திலிருந்து தம்புள்ளைக்குப் போய்வர ஏறக்குறைய 300 கிலோமீற்றர். சுமையோடு லீற்றருக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்தால் 50 லீற்றர் டீசல். லீற்றர் 280 ரூபா என்று போட்டால் 14,000. சாரதி, உதவியாள், சாப்பாடு என்று 8,000. டயர், பிரேக், எண்ணெய் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 5,000 ஒதுக்காவிட்டால் ஆறாவது மாதம் வண்டி கட்டையில் நிற்கும். ஆக 27,000 ரூபா. 3,000 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 9 ரூபா. 1,500 கிலோதான் இருந்தால் 18 ரூபா. இப்போது வாடகை லொறிக்காரர் எங்களிடம் கேட்பது கிலோவுக்கு 12 ரூபா.

அதாவது வண்டி நிறைந்தால் கிலோவுக்கு 3 ரூபா மிச்சம், ஓட்டத்துக்கு 9,000. பாதி போனால் 9,000 நட்டம். 14 குடும்பமும் சேர்ந்து நல்ல மாதத்தில் வாரத்துக்கு ஒரு லொறி நிரப்புவோம். மாதம் 36,000 மிச்சம். 18 இலட்சத்தை மாதம் 2 வீத வட்டிக்கு நான்கு வருடத்துக்கு எடுத்தால் தவணை 58,000 ரூபாவுக்கு மேல். எங்கே இருந்து வரும்? மழை மாதங்களில் தோட்டத்தில் ஒன்றும் இல்லாதபோது யார் கட்டுவது? நான்கு வருடம் முடியும்போது 18 இலட்சத்துக்கு 28 இலட்சம் கட்டியிருப்போம், இன்னொரு லொறியின் விலை. மூன்று தவணை பிந்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கொடுத்த 10 இலட்சமும் அதோடு போகும்.

2022 ஐ மறக்க வேண்டாம். வருடத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் முடிவில் 460 ரூபா. அதற்கும் வரிசை, பிறகு கியூஆர் கோட்டா. அன்று லீசிங் லொறி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை ஹட்டன் டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. இந்த வருடம் ஓய்வு பெறும் அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களின் சேமலாப நிதி வரும், அதைப் போட்டால் லீசிங் தேவையில்லை என்று. இதில் எங்கள் நிலைப்பாடு உறுதியானது. அந்தக் காசைத் தொடக் கூடாது. முப்பது நாற்பது வருடம் அட்டைக் கடியிலும் மழையிலும் கூடை சுமந்த முதுகின் காசு அது. அவர்களுக்கு அதன் பிறகு வேறு வருமானம் இல்லை. மகன் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாத தாய்மார் அவர்கள், அதனால் சங்கம்தான் அவர்களுக்காக இல்லை என்று சொல்ல வேண்டும். கமிட்டித் தலைவர்மார் இதைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தம்புள்ளை விலையைப் பெறுவதற்குச் சொந்த லொறி தேவையில்லை என்பதையும் யோசியுங்கள். முதலாளியின் விலைக்கும் தம்புள்ளை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிய காசு. 14 குடும்பமும் ஒரே நாளில் பிடுங்கி, ஒரே வாடகை லொறியில் ஏற்றினால் அந்தக் காசு இப்போதே கைக்கு வரும். லொறிக்கு முன் தேவைப்படுவது அந்த ஒற்றுமைதான். அதுதான் கஷ்டம் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர்கள் நம்மிலேயே ஐந்து குடும்பம்.

வாங்குகிற காலம் வந்தால் யார் பேரில் வாங்குவது? ஓடத் தெரிந்த பையன் பேரில் என்கிறார்கள். நல்ல பையன்தான். கொழும்பில் கடையில் நின்றவன் ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்திருக்கிறான். ஆனால் 14 பேரின் காசு ஒருவர் பேரில் இருந்தால் நாளைக்கு அண்ணன் தம்பியும் கோர்ட்டில் நிற்பார்கள். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து சங்கத்தின் பேரில் வாங்குங்கள், பையன் சம்பளத்துக்கு ஓட்டட்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா, பழைய லீசிங் தீர்ந்ததா, சேசி இலக்கம் சரியா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்காமல் ஒரு சதம் முற்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போட்டால், வண்டி பள்ளத்தில் விழுந்தால் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

லொறி வந்தால் திருவிழாவுக்கு ஆள் ஏற்று, மரண வீட்டுக்கு ஆள் ஏற்று என்று கேட்பார்கள். மறுப்பது கடினம், ஆனால் மறுக்க வேண்டும். மரக்கறி லொறியில் ஆள் ஏற்றிப் புரண்டால் அந்தக் குடும்பங்களுக்கு எந்தக் காப்புறுதியும் பதில் சொல்லாது. 1990 அம்புலன்ஸ் லயம்வரை வருகிற மாதிரிப் பாதையைத் திருத்து என்று நிர்வாகத்திடம் கேட்பது வேறு போராட்டம், அதை லொறியால் தீர்க்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு நம் பாதைகள் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாதை நிர்வாகத்தின் கையில் இருப்பதால், லொறி உள்ளே வரவும் இரவில் நிறுத்தவும் எழுத்தில் அனுமதி வேண்டும். வாய்ச்சொல்லை நம்பினால் துரை மாறும்போது கேற்றும் பூட்டப்படும்.

இந்த லொறியை இந்த லீசிங்கில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கரட் ஒரு போகத்துக்கு, அதாவது நான்கு மாதத்துக்கு, சேர்ந்து வாடகை லொறி பிடிப்போம். எத்தனை கிலோ போனது, என்ன விலை, எத்தனை நாள் பாதி லொறி போனது என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். பக்கத்துப் பிரிவையும் சேர்த்து வாரத்துக்கு இரண்டு லொறி நிறைகிறது என்று கொப்பி சொன்னால், சொந்தக் காசில், திருத்த வேலைக்கு 5 இலட்சத்தைத் தனியே வைத்துக்கொண்டு வாங்கலாம். அப்போது மீட்டரில் 4 இலட்சம் இருந்தாலும் நாங்கள் தடுக்க மாட்டோம்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு பாடசாலை மண்டபத்தில் கூட்டம். கடந்த போகத்து விற்பனைத் துண்டுகள் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர்களும் வெட்கப்படாமல் வாருங்கள். அந்தக் கடனை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் அன்று முதலில் பேசப் போகிறோம்.