எத்தனை கணு என்பது இரண்டாவது கேள்வி

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. குற்றாலம் பேரருவியில் அங்குள்ள ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். ஆனால் அது வெள்ளம் வந்துசேர்ந்த பிறகு தெரியும் அடையாளம். இந்த அருவிகளுக்கு மேலே காட்டுக்குள் கம்பியில்லா உணரிகள் இருந்தால் கீழே நிற்பவர்களுக்குச் சில நிமிடங்களாவது கிடைக்கும்.

இந்தப் பேச்சு எழுந்ததுமே கம்பியில்லா வலைகளை ஆராயும் நம் துறையினர் கேட்பது, "எத்தனை கணு வேண்டும்?" என்பதுதான். கணு என்பது வலையில் அளந்து செய்தி அனுப்பும் ஒவ்வொரு கருவியும். ஒரு கணுவுக்கு ஆறு அண்டைக் கணுக்கள் போதும் என்று கிளெயின்ராக்கும் சில்வெஸ்டரும் 1978இல் சொன்னார்கள். நிலையான எந்த எண்ணும் போதாது, வலை பெருகப் பெருக அண்டைகளும் மடக்கை அளவில் கூட வேண்டும் என்று சூவேயும் சென்னை ஐஐடியில் படித்த பி. ஆர். குமாரும் 2004இல் நிறுவினார்கள். அவர்கள் கணக்கிட்டது சமதளத்தில் இறைந்து கிடக்கும் கணுக்களை. நமக்கு வாய்த்திருப்பதோ ஓடைப்பள்ளம்.

பள்ளத்தில் வலை ஒற்றை வரிசையாகச் சுருங்கிவிடுகிறது. மேலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டும், வலையை வெளியுலகோடு இணைக்கும் கேட்வேக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று கணுக்களின் வழியாகவே இறங்க வேண்டும். அவற்றின் பாட்டரிதான் முதலில் தீரும். மேலே கணுக்களைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் தீரும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. மழை வலுக்கும்போது எல்லா உணரிகளின் அளவும் ஒரே நேரத்தில் மாறுகிறது. எல்லாக் கணுக்களும் ஒன்றாகப் பேச, பாக்கெட்டுகள் மோதி அழிகின்றன. மற்ற நாட்களில் ஒழுங்காக இயங்கிய வலை, எதற்காக நிறுவினோமோ அந்த நேரத்தில் திணறுகிறது.

ஆகவே வழியமைப்பை முதலில் தீர்மானிப்போம். பக்கத்துக் கணு சொன்னதையே சொல்லவிருக்கும் மழைமானி பேசாமல் இருக்கட்டும். நீர்மட்ட எச்சரிக்கைக்கு முன்னுரிமை வேண்டும். இரண்டாவது பாதை பள்ளத்தை விட்டு விலகி மலைமுகட்டின் வழியே போக வேண்டும். நனைந்த இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அதிகம் விழுங்குவதால், உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையே இங்கே ஏற்றது. மூணாறு அந்தோணியார் காலனியில் 2009 முதல் நிலச்சரிவைக் கண்காணிக்கும் அம்ருதா பல்கலைக்கழகக் குழுவும் கணுக்களைச் சமமாகப் பரப்பவில்லை. அளப்பவை ஓர் அடுக்கு, தொகுத்து அனுப்புபவை இன்னோர் அடுக்கு.

இத்தகைய வலைகளைப் பற்றி எழுதுவோர் கோடையில் எடுத்த அளவீடுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சூரியத் தகட்டுக்கு வெயில் எட்டாத, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் மாதங்களில் கேட்வேயை ஒட்டிய கணுக்கள் எத்தனை பாக்கெட்டுகளைக் கொண்டுசேர்த்தன என்பதையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.