பனிச்சாலையைக் கடந்த பின்னும் வேண்டிய பொறுமை

அமெரிக்காவின் வடபகுதியில் வாழும் பாய்மரப் படகுக்காரர் பலர், சூறாவளிப் பருவத்திற்கு முன் ஃபுளோரிடாவில் கரையேற்றி வைத்த படகைத் திறந்து கடற்பயணம் புறப்பட, குளிர்காலத்தில் தெற்கே செல்கின்றனர். அவ்வழி எளிதன்று. 2022 ஜனவரியில் வர்ஜீனியாவில் பெய்த பனியால் ஐ-95 நெடுஞ்சாலை முடங்கியது. செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் வாகனத்திலேயே சிக்கியிருந்தார்.

இத்துணை இன்னலுற்றுச் சேர்பவருக்கு, உடனே படகை நீரில் இறக்கும் அவசரம் எழுவது இயல்பே. அந்த அவசரமே பனியினும் ஆபத்தானது என்போம். மாதக்கணக்கில் கரையில் நின்ற படகின் அடிப்பகுதி வால்வுகள் இறுகியிருக்கலாம். ரப்பர்க் குழாய்கள் வெடிப்புற்றிருக்கலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் துருவேறியிருக்கலாம். நீர்மட்டத்திற்குக் கீழே பழுதுற்ற ஒரு குழாய் போதும், படகை மூழ்கடிக்க.

வழியில் பட்ட துன்பத்திற்குக் கடல் சலுகை தருவதில்லை. ஆகவே களைப்பாறி, ஒவ்வொன்றையும் சோதித்த பின்னரே படகை இறக்குதல் அறிவுடைமை.