விளக்கு அழகுக்கு அல்ல!

காரில் உள்ள விளக்குகள் இரண்டு வேலை செய்கின்றன. முன் விளக்கு நமக்கு வழி காட்டுகிறது. சிக்னல் விளக்கு மற்றவர்களோடு பேசுகிறது. "நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன்" என்று சொல்கிறது. வாய் இல்லாத வண்டிக்கு அதுதான் வாய்.

அந்தப் பேச்சை இப்போது பலர் குழப்புகிறார்கள். கம்பெனி பொருத்திய பல்பைக் கழற்றி விடுகிறார்கள். கடையில் விற்கும் எல்.இ.டி. விளக்கைப் பொருத்துகிறார்கள். நீலம், வெள்ளை என்று விரும்பிய நிறத்தில் மின்ன விடுகிறார்கள்.

தஞ்சை மாவட்டத்துச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் வாய்க்கால். மறு பக்கம் வயல். ஒதுங்க இடம் இல்லை. மார்கழியில் பனி மூடுகிறது. சம்பா அறுவடை வந்தால், நெல் ஏற்றிய டிராக்டர்கள் ஊர்ந்து போகின்றன. ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். கார் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இவர்கள் எப்படி அறிவது? விளக்கைப் பார்த்துத்தான்!

அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்காரர், அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்க விட்டார். அழகுக்காக அல்ல. "இங்கே ஒரு வண்டி போகிறது" என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வதற்காக.

ஏன் வேகமாக மின்னுகிறது?

எல்.இ.டி. நல்ல விளக்குதான். மின்சாரம் குறைவாகச் செலவாகும். நீண்ட நாள் உழைக்கும். நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. குற்றம் விளக்கில் இல்லை. பொருத்தும் முறையில் இருக்கிறது.

காரின் மின்சாரம் 12 வோல்ட். சிக்னல் பல்பு பெரும்பாலும் 21 வாட்ஸ். எல்.இ.டி.க்குச் சில வாட்ஸ் போதும். விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் கருவிக்கு 'பிளாஷர்' என்று பெயர். மின்சாரம் குறைவாகப் போனால், பல்பு போய் விட்டது என்று அது எடுத்துக் கொள்ளும். உடனே வேகமாக மின்ன வைக்கும். இது டிரைவருக்குத் தரும் எச்சரிக்கை.

இதைத் தடுக்கச் சிலர் 'ரெசிஸ்டர்' பொருத்துகிறார்கள். அது மிச்சமான மின்சாரத்தை வாங்கிச் சூடாக்குகிறது. தொட்டால் கை பொசுங்கும். பிளாஸ்டிக் பக்கத்தில் கட்டினால் பிளாஸ்டிக் உருகும், வயர் கருகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளைக்கு அந்த எல்.இ.டி. அணைந்து போனாலும் எச்சரிக்கை வராது. சிக்னல் கொடுத்து விட்டதாக டிரைவர் நினைப்பார். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. டிரைவர் வண்டியைத் திருப்புவார்!

சட்டம் என்ன சொல்கிறது?

திரும்பும் சிக்னல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 தடவைக்குக் குறையாமல், 120 தடவைக்கு மேல் போகாமல் மின்ன வேண்டும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்படிச் சொல்கின்றன. நீல விளக்குக்கு அங்கே இடம் இல்லை.

என்ன செய்யலாம்?

கம்பெனி பொருத்திய விளக்கே போதும். எல்.இ.டி. வேண்டுமானால், அந்தக் கார் மாடலுக்கு எல்.இ.டி. விளக்கைக் கம்பெனியே தருகிறதா என்று கேளுங்கள். வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷர் கிடைத்தால் அதைப் போடுங்கள். புதிய கார்கள் பலவற்றில் தனிப் பிளாஷர் கிடையாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்கிறது. அதில் தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். கோளாறைக் கண்டுபிடியுங்கள்.

வேலை முடிந்ததும் ஒருவரைக் காருக்குப் பின்னால் நிறுத்துங்கள். பகல் வெயிலில் தெரிகிறதா, இரவில் கண் கூசுகிறதா என்று கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

காரின் அழகைக் கூட்ட வேறு வழிகள் ஆயிரம் உண்டு. சிக்னல் விளக்கு மட்டும் உங்கள் சொத்து அல்ல. அது பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைக்குச் சொந்தம்.