ஸ்டாஃப் நம்பர் இல்லாத உடம்பு

ஜூன் 21. 2014 டிசம்பரில் ஐ.நா. சபை அறிவித்து, 2015 முதல் ஊர் உலகமே மூச்சை இழுத்து விடுகிற நாள். எங்கள் வங்கியின் வட்டார அலுவலகத்திலும் விட்டோம். ‘பணியாளர் நலவாழ்வு முகாம்’ என்று பேனர். யோகா முடிந்ததும் சுகர், பிரஷர் பார்ப்பார்கள். போட்டோ எடுத்து மேலே அனுப்பணும் என்று சர்க்குலர்.

நாங்கள் பாய் விரித்த ஹாலை விடியற்காலையில் வந்து பெருக்கித் துடைத்து வைத்தது ஒரு அக்கா. காண்ட்ராக்ட் ஆள். எங்கள் சனம். நாலு பேர் முன்னால் என்னை ‘சார்’ என்பார். யாரும் இல்லாவிட்டால் ‘தம்பி’. கக்கூசுக்கு ஊற்றும் ஆசிட் நெடியில் ஓயாத இருமல். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். கையுறை கேட்டால் ‘காண்ட்ராக்டரைக் கேள்’ என்கிறது பேங்க். ‘பேங்கைக் கேள்’ என்கிறார் காண்ட்ராக்டர்.

“நீயும் வாக்கா, பிரஷர் பாத்துக்கலாம்” என்று கூட்டிப் போனேன். மேசையில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: “ஸ்டாஃப் நம்பர்?” இல்லை. “லிஸ்ட்ல பேர் இல்லியே சார். ஸ்டாஃபுக்கு மட்டும்தான்.” நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “வுடு சார், எனக்கின்னா நோவு, நல்லாத்தான் கீறேன்” என்று சொல்லிவிட்டு, நாங்கள் குடித்துப் போட்ட பேப்பர் கப்புகளைப் பொறுக்கப் போய்விட்டார். எனக்குப் பார்த்தார்கள். “கொஞ்சம் ஹை” என்றார்கள். இருக்காதா பின்னே?

பிறகு உபந்நியாசம். மன அழுத்தத்துக்குக் காரணம் மனசுதானாம். மாமிசம் தாமச குணத்தை வளர்க்குமாம். சாத்வீக உணவுக்கு மாற வேண்டுமாம். ஆள் எடுக்காமல் மூன்று பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டுவது காரணமில்லை. இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லி விரட்டும் டார்கெட் காரணமில்லை. நாங்கள் தின்னும் மாட்டுக்கறிதான் காரணம்! பார்ப்பனியம் பூணூலோடுதான் வரவேண்டும் என்பதில்லை தோழர்களே. டிராக் சூட் போட்டுக்கொண்டும் வரும்.

‘உடற்பயிற்சி நல்லதுதானே, அதிலும் சாதியா?’ என்று கேட்பார்கள். குனிந்து நிமிர்வதை நான் எதிர்க்கவில்லை. காலம் காலமாகக் குனிந்து நிமிர்ந்த உடம்புதான் நம்முடையது. என் கேள்வி வேறு. ‘பணியாளர் நலம்’ என்கிறீர்களே, யார் அந்தப் பணியாளர்? உடம்பைத் தின்கிற வேலையைச் செய்பவரை முதலில் பட்டியலிலிருந்து வெளியேற்றிவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்கு ஆரோக்கியம் போதிப்பதற்குப் பெயர் நலமா?

என் அப்பா வங்கிக் கிளை ஒன்றில் பகுதிநேரத் துப்புரவாளராகச் சேர்ந்தவர். மூன்றில் ஒரு பங்கு சம்பளம். அது அரையானது, முக்கால் ஆனது, கடைசியில் முழுநேரக் கடைநிலை ஊழியர் ஆனார். அவமானம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு ஸ்டாஃப் நம்பர் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பில்லைக் கட்டியது அந்த நம்பர்தான். நான் பட்டம் வாங்கியதும் கிளார்க் ஆனதும் அந்த ஏணியில் ஏறித்தான். இன்று அந்த வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விட்டு ஏணியை உருவிவிட்டார்கள். துடைப்பம் அதே கையில்தான் இருக்கிறது. நம்பர் மட்டும் இல்லை.

2015 ஒப்பந்தத்தில் வங்கி ஊழியர் குடும்பத்துக்கு 3 லட்சம், அதிகாரிகளுக்கு 4 லட்சம் என்று மருத்துவக் காப்பீடு வந்தது. நல்லது, போராடி வாங்கினோம். ஒப்பந்தம் போட்ட சங்கங்களின் கண்ணில் கக்கூஸ் கழுவும் அக்கா படவில்லையே, ஏன்? நானும் சந்தா கட்டுகிற சங்கம்தான். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அவருக்குச் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும், 3.25 சதவீதம் வேலை தருபவர் போட வேண்டும். காண்ட்ராக்டர் கட்டாமல் ஏமாற்றினால் வேலை வாங்கும் நிறுவனமே கட்டியாக வேண்டும். 1948 சட்டத்திலேயே இது இருந்தது. “கார்டு இருக்காக்கா?” என்று கேட்டேன். “புடிக்கிறாங்க தம்பி. கார்டெல்லாம் கண்ணால பாத்ததில்ல.”

இந்த நாட்டில் நம் உடம்புக்கு விலை செத்த பிறகுதான் வைக்கப்படுகிறது. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது 2014 தீர்ப்பு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சம் ஆக்கியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்கிற சட்டம் 2013லேயே வந்துவிட்டது. செத்தால் 30 லட்சம். உயிரோடு இருக்கையில் ஒரு ஜோடி கையுறைக்கு வழியில்லை. இதற்கு எந்த ஆசனம் மருந்து?

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரியில், விடுதியில், நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கக்கூஸ் கழுவுபவரிடம் போய் உட்காருங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, கையுறை யார் தருகிறார்கள், காண்ட்ராக்டர் யார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள். பதில் வராவிட்டால் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போங்கள். சங்கத்தில் இருக்கும் தோழர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நான் கொண்டு வரப்போகிறேன். தோற்கடித்தால், யார் யார் கை தூக்கினார்கள் என்பதையாவது இந்தப் பக்கத்தில் எழுதுவேன்.

அடுத்த ஜூன் 21க்கும் சர்க்குலர் வரும். அக்காவின் பேர் லிஸ்ட்டில் இல்லையென்றால் நான் பாய் விரிக்க மாட்டேன்.