டிக் அடித்தால்தான் ஓடும்

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வடசென்னையில் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மட் அடிச்சிட்டு விண்டோஸ் போட்டுக்கம்மா." 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு நிறுவனமான எல்காட்டை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியவர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர். அரசாங்கம் போட்டுக் கொடுத்ததைக் கடைகள் அழித்துத் தள்ளின.

அப்படி அழிபடாமல் தப்பிய ஒரு லேப்டாப்போடு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. "அங்கிள், பிரிண்டர் சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணேன். கிளிக் பண்ணா எழுத்து எழுத்தா என்னமோ தொறக்குது."

டாட் ரன் கோப்பு. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து கிடந்தது. மேலே சில நூறு வரி, படிக்கக்கூடிய ஷெல் ஸ்கிரிப்ட். அதற்குக் கீழே கட்டமும் கேள்விக்குறியுமாக ஒரே குப்பை. உண்மையில் அது குப்பையில்லை, சுருக்கிக் கட்டிய மென்பொருள். ஓடவிட்டால் மேலே இருக்கிற ஸ்கிரிப்ட் கீழே இருக்கிற மூட்டையைப் பிரித்து, உள்ளதை இடம் பார்த்து வைக்கும். என்ன செய்யப்போகிறது என்பதை ஓரளவாவது முன்கூட்டியே படித்துப் பார்க்க முடிகிற இன்ஸ்டாலர் இது. டாட் எக்ஸ்இ-யில் அந்த வசதி கிடையாது. அது லினக்ஸில் ஓட வைன் என்ற இன்னொரு மென்பொருள் வேறு வேண்டும்.

பிரவுசர் இறக்கித் தரும் கோப்புக்கு லினக்ஸில் ஓடும் அனுமதி இருக்காது. கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி, கஸ்டம்ஸ் 'அவுட் ஆஃப் சார்ஜ்' கொடுக்காமல் கேட்டைத் தாண்டாது என்பது அவளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "இங்க அந்த ஆபீசர் நீதாம்மா" என்றேன். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அனுமதிகள், ஒரு டிக். டெர்மினல் பழகியவர்களுக்கு சிஎச்மாட் கட்டளை. பென்டிரைவில் வைத்துக்கொண்டே டிக் அடித்தால் பெரும்பாலும் நிற்காது. அதிலிருக்கும் ஃபேட் அமைப்புக்கு இந்த அனுமதியெல்லாம் தெரியாது. ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். எது ஓடவில்லை என்றாலும் '777 போடு, சூடோ போடு' என்று சொல்லிக்கொடுக்கும் யூடியூப் வாத்தியார்கள். 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்தக் கோப்பை மாற்றலாம். சூடோ என்றால் வீட்டுச் சாவியையே கொடுப்பது. கோப்பு அசல்தானா என்று பார்க்காமல் அதைக் கொடுக்கலாமா? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்திலேயே ஆட்கள் புகுந்து, பின்வாசல் வைத்த நகலுக்கு டவுன்லோட் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"சரி அங்கிள், நாளைக்கு வேணாம்னா இதை எப்படி எடுக்கிறது?"

நல்ல கேள்வி. டாட் ரன் வழியாக வந்தது பேக்கேஜ் மேனேஜரின் கணக்கில் ஏறாது. அதுவே தனக்கொரு அன்இன்ஸ்டாலர் வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் தேடித் தேடி அழிக்க வேண்டியதுதான். பாஸ் லினக்ஸின் அடிப்படை டெபியன். அதன் பேக்கேஜ் வடிவமான டாட் டெப் கிடைத்தால் போடவும் எடுக்கவும் சுலபம். டவுன்லோட் பக்கத்துக்குத் திரும்பிப்போய் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினோம். இருந்தது.