அக்காவின் மடிக்கணினியில் கிடந்த கோப்புறை

அக்கா புது மடிக்கணினி வாங்கிவிட்டார். பழையதை, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கப் போகிறார். "படமெல்லாம் பென் டிரைவுல எடுத்துட்டேன் தம்பி. ஒரு தடவை பார்த்துட்டுக் கொடுத்துடு" என்றார்.

திறந்தால், முகப்புத் திரையின் மூலையில் 'ஓல்ட் ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா' என்றொரு கோப்புறை.

"அதுவா? ரொம்ப நாளா கிடக்கு. அழிச்சா ஏதாவது கெட்டுப்போயிடுமோன்னு தொடலை."

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி மந்தமானால் 'ரிஃப்ரெஷ்' செய்வோம். புதிய பதிப்பை மீண்டும் நிறுவும்போதும் சில நேரம் அந்தத் தேர்வு வரும். படிக்காமலே சரி என்போம். உலாவி நம் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஏதாவது விடுபட்டால் உதவட்டும் என்று பழைய தரவை அப்படியே முகப்புத் திரையில் வைத்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் நாம் அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

அதற்குள்ளே 'லாகின்ஸ்', 'கீ4' என்ற பெயர்களில் இரண்டு கோப்புகள். முதலாவதில் சேமித்த கடவுச்சொற்கள் பூட்டப்பட்டிருக்கும். இரண்டாவதுதான் அந்தப் பூட்டின் சாவி. உலாவிக்கு முதன்மைக் கடவுச்சொல் வைக்காதவர் என்றால் (நம்மில் எத்தனை பேர் வைத்திருக்கிறோம்?) இரண்டையும் வேறொரு கணினியின் ஃபயர்ஃபாக்ஸில் போட்டு எல்லாவற்றையும் படித்துவிடலாம். அக்காவின் மின்னஞ்சல், இணைய வங்கி இரண்டுமே அதில் இருந்தன.

அழிப்பது எளிது. முதலில் உலாவியைத் திறந்து, புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கோப்புறையைத் தேர்ந்தெடுத்து 'ஷிஃப்ட்', 'டிலீட்' விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். வெறும் 'டிலீட்' என்றால் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கும். உலாவியையே நீக்கினால் போதுமே என்று நினைக்க வேண்டாம்; ஃபயர்ஃபாக்ஸை நீக்கினாலும் உங்கள் தரவு கணினியில் தங்கிவிடும். குரோமை நீக்கும்போது, 'உலாவல் தரவையும் அழிக்கவா' என்ற கட்டத்தில் குறியிட்டால்தான் அழியும். குரோம் நிறுவப்பட்ட இடத்தில் பதிப்பு எண்களோடு இருக்கும் கோப்புறைகளைத் தொடாதீர்கள். அவை நிரலின் பாகங்கள், உங்கள் தரவு அல்ல.

கணினி கைமாறுகிறது என்றால் நான் இதோடு நிற்க மாட்டேன். விண்டோஸின் 'ரீசெட்' பகுதியில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து முழுவதும் துடைத்துவிடுவேன். அக்காவின் கணினிக்கும் அதையே செய்தேன்.

முடித்துவிட்டு, "பென் டிரைவுல படம் மட்டும்தானே எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, முன்னாடி இருந்தது எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணிட்டேன்."

"பென் டிரைவ் எங்கே?"

"அத்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரே."

அன்று மாலையே உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். வங்கியில் தொடங்கினோம்.