கம்பனி பதிய முன் கணக்கைப் பாருங்கள்

சுயமாகத் தொழில் ஆரம்பிக்கும் நமது பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் பரவி வருகிறது. முதலாவது வாடிக்கையாளர் வர முன்னரே விசிட்டிங் கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' ஏறிவிடுகிறது. நோட்டன் பிரிட்ஜ் மாதிரியான சிறிய பஸாரிலும் இதே கதைதான். வயரிங் வேலை எடுப்பவர், போஸ்டர் டிசைன் செய்பவர், வெளிநாட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை முடித்துக் கொடுப்பவர் என்று பலர் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "நானா, கம்பனி ஒன்று போட்டால் நல்லமா?"

அநேகமானவர்களுக்கு நான் சொல்லும் பதில், இப்போதைக்கு வேண்டாம்.

போடுவது லேசு என்பது உண்மை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் கம்பனிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் பின் ஒருவரே போதும். 2018 முதல் பதிவையும் இணையத்திலேயே செய்யலாம். ஆனால் போட்ட பின்பு செயலாளர் ஒருவர் வேண்டும், வருடா வருடம் அறிக்கை அனுப்ப வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். மாதம் மூன்று பில் எழுதுபவருக்கு இது தலைக்கு மிஞ்சிய தொப்பி.

வரியையும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை நிவாரணம் உண்டு. வேறு வருமானமில்லாத ஒருவர் தன் தொழிலில் 15 இலட்சம் இலாபம் எடுத்தால் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. கம்பனிக்கு அந்த நிவாரணம் கிடையாது. பொதுவான வீதம் 30 சதவீதம். அதே 15 இலட்சம் கம்பனியின் இலாபமாக நின்றால் நாலரை இலட்சம் போய்விடும். சம்பளம் எழுதிக் குறைக்கலாம் என்பார்கள். குறைக்கலாம்தான், அதற்கும் ஒரு கணக்காளருக்குக் காசு கொடுக்க வேண்டுமே!

கடன் வந்தால் வீடு தப்புமே என்ற வாதம் இருக்கிறது. கம்பனி வேறு, முதலாளி வேறு என்று லண்டனில் சொலமன் என்ற சப்பாத்து வியாபாரியின் வழக்கில் 1896இல் தீர்ப்பானது. இன்றும் அதுதான் அடிப்படை. ஆனால் வங்கிக்காரர் ஏமாளியல்லர். சிறிய கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் வாங்கிக் கொள்வார். வயரிங் செய்தவரின் கவனக்குறைவால் வீடு எரிந்தால் வேலை செய்த ஆளின் மீதும் வழக்கு வரலாம். கம்பனிப் பெயர் அதைத் தடுக்காது. கடனுக்குச் சரக்கெடுத்து ஏற்றி இறக்கும் வியாபாரிக்குத்தான் இந்தக் கவசம் உண்மையில் பயன்படும். அவர் கட்டாயம் யோசிக்கட்டும்.

நான் பயப்படுவது கம்பனிக்கல்ல, வாய்ப்பேச்சுக் கூட்டுக்கு. மச்சான் முதல் போடுகிறார், தம்பி வேலை செய்கிறார், இலாபம் பாதிப் பாதி. எழுத்தில் ஒன்றுமில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் கூட்டு எழுத்தில் இருந்து கையெழுத்திடப்பட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இன்று ஆயிரம் ரூபாவுக்கு ஒரு வயர்ச் சுருளும் வராது! அதிலும் ஒரு பொறி உண்டு. எழுத்தில்லாததால் கூட்டாளிகள் ஒருவர் மீது ஒருவர் உரிமை கோருவதுதான் கஷ்டம். வெளியார் இரண்டு பேர் மீதும் வழக்குப் போடலாம். மச்சான் பட்ட கடை நிலுவை முழுவதையும் தம்பியிடம் கேட்கலாம். ஒருவர் மௌத்தானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கூட்டு அத்தோடு கலைகிறது. பிறகு அனந்தரக்காரர்கள் கல்லாப் பெட்டியைச் சுற்றி நிற்பதை எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்பது நமக்குப் புதிய உபதேசமா என்ன? சட்டத்தரணி ஒருவரிடம் போய் இரண்டு பக்கம் எழுதிக் கொள்ளுங்கள்.

தனியாகத் தொழில் செய்பவருக்கு 1918ஆம் ஆண்டிலிருந்து வரும் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். சொந்த முழுப் பெயரிலேயே செய்தால் அதுவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதியுங்கள். கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரில் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் முடியும் வேலை.

இதில் மலையகத்துப் பிள்ளைக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. பதிவுக்குத் தொழில் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் உறுதி ஏது? வரி இலக்கம் எடுக்கலாம், அடையாள அட்டை இருக்கிறது, கையில் தொழிலும் இருக்கிறது. இடம் மட்டும் தோட்டத்துக்குச் சொந்தம். பஸாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கே கை கொடுக்கலாம். கடையின் ஒரு மூலையை, மேசை ஒன்று போடுமளவு, சிறு வாடகைக்கு முறையான ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் கோப்பு நகரும். உங்கள் கடைக்கு வருபவரில் நாலு பேர் அவனிடமும் வேலை கொடுப்பார்கள். அவனிடம் வருபவர் உங்களிடம் சாமான் வாங்குவார். வாடகை ஒப்பந்தத்தில் காலத்தையும் தொகையையும் குறிப்பிட மறக்க வேண்டாம்.